காசு எவ்வளவு இருக்குன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் எங்ககிட்ட கருத்து கேளுங்க: மலை ஊர் பட்ஜெட் பத்தி பேசலாம் வாங்க

கோத்தகிரிவாசி:

நம்ம கிராம சபை நடக்குற விதத்துலயே ஒரு கோளாறு இருக்குங்க, அதை விவரமா பேசணும்னுதான் இதை ஆரம்பிக்கிறேன். வருஷத்துக்கு ஆறு தடவை சபை கூடுது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜனங்க வந்து நடைபாதை கேக்குறாங்க, தெருவிளக்கு கேக்குறாங்க, மண்ணு சரிஞ்ச இடத்துக்கு தடுப்புச்சுவர் கேக்குறாங்க, எல்லாத்தையும் தீர்மானத்துல ஏத்தி கையெழுத்தும் வாங்கிக்கிறாங்க. ஆனா இந்த வருஷம் ஊராட்சி கையில எவ்வளவு இருக்கு, கரண்ட் பில்லு சம்பளம் போக மீதி எவ்வளவுன்னு யாரும் வாயைத் திறக்குறதில்ல. அது தெரியாததால எல்லாரும் எல்லாத்தையும் கேக்குறாங்க. மீதி இருக்கிறது எட்டு லட்சம்தான்னு தெரிஞ்சா மேல் ஊரு சுவர் முதல்லயா கீழ் ஊரு தண்ணி தொட்டி முதல்லயான்னு நமக்குள்ளயே பேசி ஒரு முடிவுக்கு வருவோம்ல. இப்ப முடிவு வேற எங்கயோ நடக்குது, யாருக்கு கிடைச்சுதோ அவன் பதவில இருக்கிறவங்களுக்கு நெருக்கம்னு மத்தவங்க பேசிக்கிறாங்க, அது நிஜமா பொய்யான்னு கண்டுபிடிக்கக்கூட வழி கிடையாது.

பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேன்னு ஒரு நகரம், 1989-ல இருந்து அங்க இதை வேற மாதிரி பண்ணாங்க. ஊரை 16 பகுதியா பிரிச்சு, ஒவ்வொரு பகுதியிலயும் ஜனங்க கூடி எது முதல்லன்னு வரிசைப்படுத்தி, பிரதிநிதிகளை அனுப்பி, அவங்க உக்காந்து நகராட்சியோட முதலீட்டுக் காசைப் பிரிச்சாங்க. சும்மா கை தூக்குறதோட விடல, எந்தப் பகுதியில வசதி ரொம்ப குறைச்சலோ அங்க அதிகமா போற மாதிரி கணக்கு வெச்சிருந்தாங்க. 1988-ல 75 சதவீத வீட்டுக்கு இருந்த தண்ணி, கழிவுநீர் இணைப்பு 1997-ல 98 சதவீதம் ஆச்சு. நம்ம மலைல இது நடக்குமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, திட்டுறதா இருந்தாலும் காரணத்தோட திட்டுங்க.

ரிட்டயர்டு_குன்னூர்:

தம்பி, நான் உள்ளாட்சி ஆபீஸ்லயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். வரவு செலவு கணக்கு கிராம சபைல வாசிக்கிறது இருக்கு, அது கிடையாதுன்னு சொல்லிடாதீங்க. ஆனா வாசிக்கிறது முடிஞ்சு போன செலவு. வரப்போற காசை வெச்சு பேசுறது இல்லைங்கிறது நீங்க சொல்றது சரிதான்.

இன்னொன்னையும் புரிஞ்சுக்கணும். வர்ற காசுல பாதிக்கு மேல எதுக்கு செலவு பண்ணணும்னு மேல இருந்தே எழுதி வந்துடுது. மத்திய அரசோட 15-வது நிதிக்குழு மானியத்துல 2021-ல இருந்து 2026 மார்ச் வரைக்கும் 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான்னு இருந்துச்சு, மீதி 40 சதவீதத்தைத்தான் ஊரோட தேவைக்கு ஏத்த மாதிரி பயன்படுத்த முடிஞ்சுது, அதுலயும் சம்பளம் போடக்கூடாது. மாநில நிதிக்குழு மானியத்துல கரண்ட் பில்லு, மோட்டார் ரிப்பேர், டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர்னு போயிடும். வீட்டு வரி வசூல் மலைல எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். அப்போ தலைவரா இருக்கிறவர் சபைல நின்னு எங்கிட்ட இவ்வளவுதான் இருக்குன்னு சொல்ல கூச்சப்படுறார், ஏன்னா ஓட்டு கேக்கும்போது அதைவிட பத்து மடங்கு சொல்லியிருப்பார். மறைக்கிறதுக்கு திருட்டு ஒண்ணுதான் காரணம்னு நினைக்காதீங்க, பாதி நேரம் இந்தக் கூச்சம்தான்.

மலைல எஸ்டிமேட்டும் வேற. ஜீப் போகாத ஊருக்கு ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் தலைச்சுமையாத்தான் போகணும். சமவெளில ஒரு தெருவுக்கே காங்கிரீட் போடுற காசு இங்க பாதித் தெருவுக்குக்கூட காணாது. இதை யாராவது ஒரு தடவை ஜனங்க முன்னாடி தாளை விரிச்சு விளக்கினா, பாதி ரோடு போட்டுட்டு மீதியைத் தின்னுட்டாங்கன்னு வர்ற பேச்சு தானா குறையும்.

கேத்தி_கேரட்:

எல்லாரும் கிராம சபை கிராம சபைன்னு பேசுறீங்க, நாங்க எங்க போறதுங்க? நீலகிரில 2019 தேர்தல் நடந்தப்ப ஊராட்சி மொத்தம் 35-தான், ஆனா பேரூராட்சி 11 இருந்துச்சு. கேத்தி, அதிகரட்டி, உலிக்கல், ஜெகதளா, சோலூர், கீழ்குந்தா எல்லாமே பேரூராட்சி. போய் பார்த்தா கேரட் தோட்டமும் டீ தோட்டமும்தான் இருக்கும், ஆனா பேப்பர்ல நாங்க நகர்ப்புறம். நூறு நாள் வேலையும் கிடையாது, கிராம சபையும் கிடையாது. பக்கத்து ஊர்க்காரன் சபைல எழுந்து நின்னு கேள்வி கேக்குறான், ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு அந்த உரிமை பல வருஷமா இல்லாமத்தான் இருந்துச்சு.

அரசியல் சட்டத்துல வார்டு குழு கட்டாயம்னு சொல்றதே மூணு லட்சம் ஜனத்தொகைக்கு மேல இருக்கிற ஊருக்குத்தான், அந்தக் கணக்குல மொத்த நீலகிரிலயும் ஒரு ஊரு தேறாது. 2022-ல தமிழ்நாட்டுல வார்டு குழு, பகுதி சபை (நகர்ப்புறத்துக்கு கிராம சபை மாதிரி) விதிகள் வந்ததுக்கு அப்புறம்தான் ஒரு வழி கிடைச்சுது, அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி முதல் தடவையா பகுதி சபை நடந்துச்சு. நான் போனேன். நாப்பது பேர் இருந்தோம், எல்லாரும் குப்பையையும் காட்டெருமையையும் பத்தி பேசினோம், குறிச்சுக்கிட்டாங்க. அதுக்கு அப்புறம் நாங்க சொன்னதுல எது மன்றக் கூட்டத்துக்குப் போச்சு, எது போகலைன்னு யாரும் வந்து சொல்லலை, அடுத்த சபைக்கு கூப்பிட்டப்ப பாதிப் பேர்கூட வரலை. வராதவங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

சேரம்பாடி_மலர்:

எங்க பக்கம் இருந்து சொல்றேன். தாளூர் தாண்டினா கேரளா, எங்க சொந்தக்காரங்க பாதிப் பேர் வயநாட்டுல இருக்காங்க, அதனால ரெண்டு பக்கமும் பார்க்குறோம். அங்க 1996 ஆகஸ்ட்ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சாங்க, மாநிலத்தோட திட்டக் காசுல 35-ல இருந்து 40 சதவீதம் நேரா உள்ளாட்சிக்கு கொடுத்துட்டு நீங்களே திட்டம் போடுங்கன்னு சொன்னாங்க. காசைக் கொடுத்துட்டு அப்புறம் கேட்டாங்க, கோத்தகிரி அண்ணா சொல்றது அதுதான். அதுல பத்து சதவீதம் பெண்களுக்கான திட்டத்துக்குன்னு தனியா எடுத்து வைக்கணும், ஆதிவாசி ஜனங்களுக்கு தனியா நிதி, தனியா ஊருகூட்டம்.

எனக்கு இதுல முக்கியமா படுறது அந்தத் தனி ஊருகூட்டம்தான். எங்க ஊராட்சிப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர்னு ஆதிவாசி ஜனங்களோட பாடி (குடியிருப்பு) நிறைய. சபைல அவங்க வந்து பின்னாடி உக்காருவாங்க, முன்னாடி நாற்காலில உக்காந்தவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நேரம் ஆயிடும், கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு அனுப்பிடுவாங்க. மகளிர் குழு சார்பா நான் எழுந்து, அந்த அக்கா ஏதோ சொல்ல வர்றாங்க கேளுங்கன்னு சொன்னா, அவங்க பாடிக்கு தனியா வர்றோம்மான்னு பதில் வரும், யாரும் போக மாட்டாங்க. காசை மேஜைல வெச்சுட்டா மட்டும் போதாதுங்க, சத்தமா பேசத் தெரிஞ்சவங்க அந்தக் காசை இழுத்துட்டு போயிடுவாங்க. முதல்ல ஒரு பங்கை இவங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டு, அவங்க இருக்கிற இடத்துக்கே போய் கேட்டுட்டு, மீதியை சபைல பேசணும்.

கேரளால எல்லாம் ஒழுங்குன்னும் சொல்ல வரலை. ஆரம்பத்துல இருந்த கூட்டம் போகப் போக குறைஞ்சுது, இப்ப வீடு, ஆடு, கோழின்னு தனக்கு ஏதாவது கிடைக்குமான்னு பார்க்க வர்றவங்கதான் அதிகம். கான்ட்ராக்டர் வேண்டாம், பயனாளிகளே குழு போட்டு வேலை பண்ணட்டும்னு கொண்டு வந்தாங்க, சில இடத்துல அந்தக் குழு பேருக்குப் பின்னாடியே கான்ட்ராக்டர் நின்னுட்டான். இருந்தாலும் அங்க ஒரு சாதாரண ஆளுக்கு பஞ்சாயத்து காசு நம்ம காசுங்கிற நினைப்பு இருக்கு, இங்க அது கவர்மெண்ட் காசு.

குன்னூர்_மழை:

ப்ரோ படிக்க நல்லாத்தான் இருக்கு ஆனா நிஜம் என்னன்னா வேலை சாங்ஷன் ஆகுறதுக்கு முன்னாடியே யாரு எடுக்கப் போறாங்கன்னு முடிவாயிடுது, டெண்டர் அப்புறம்தான், பில்லுல எத்தனை பேருக்கு பங்குன்னு ஊருக்கே தெரியும், இதுல ஜனங்க எதை முதல்லன்னு சொன்னா என்ன சொல்லலைன்னா என்ன, அதே ஆளு வந்து அதே மாதிரி போட்டுட்டு போவான். அது போக ஊராட்சிகளுக்கு இப்ப தலைவரே இல்ல, 2025 ஜனவரி 5-ஓட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர்தான் பார்க்குறார், அவருக்கு ஏகப்பட்ட ஊராட்சி. யாருகிட்ட போய் கணக்கு கேப்பீங்க? 2016-ல இருந்து 2019 வரைக்கும் இதே கதைதான் நடந்துச்சு, தேர்ந்தெடுத்த ஆளுங்க இல்லைன்னு மத்திய மானியமே நின்னுச்சு. எனக்கு நம்பிக்கை இல்ல.

கோத்தகிரிவாசி:

@குன்னூர்_மழை நீங்க சொன்னதுல ஒண்ணையும் மறுக்கலை. ஆனா எங்க ஊர்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன், யாரு கட்டினதுன்னு பேரு வேண்டாம்.

ரெண்டு வீட்டுக்கு நடுவுல மண்ணு சரிஞ்ச இடத்துல ஒரு தடுப்புச்சுவர் கட்டினாங்க. கருங்கல்லு சுவர், ஆள் உயரத்துக்கு மேல. கட்டிட்டு இருக்கும்போதே எங்க ஊர் கொத்தனார் நின்னு பார்த்துட்டு, பின்னாடி ஊத்து இருக்கு, சுவர்ல தண்ணி வெளிய வர ஓட்டை விடலை, பின்பக்கம் ஜல்லியும் போடாம வெறும் மண்ணைத் தள்ளி மூடுறாங்க, நிக்காதுன்னு சொன்னார். அவர் சொன்னதை எழுதிக்க ஒரு ஆள் இல்ல. அடுத்த வடகிழக்கு மழைல தண்ணி பின்னாடியே தேங்கி, சுவர் நடுவுல வயிறு தள்ளிடுச்சு. இப்பவும் அப்படியே நிக்குது, கீழ் வீட்டுல மழை வந்தா பிள்ளைங்களை பக்கத்து வீட்டுல படுக்க வைக்கிறாங்க. 2009 நவம்பர்ல இந்த மலை எப்படி சரிஞ்சதுன்னு பார்த்தவங்க நாம, அந்த வீட்டுக்காரங்க பயப்படுறதுல தப்பே இல்ல.

ஜனங்க முடிவு பண்ணணும்னு நான் சொல்றது எதை முதல்லங்கிறதோட நிக்காது. எஸ்டிமேட் தாளை ஊர் பொது இடத்துல ஒட்டணும். எத்தனை மீட்டர், எத்தனை அடி உயரம், எத்தனை அடிக்கு ஒரு ஓட்டை, மொத்தம் எவ்வளவு. வேலை முடிஞ்சதும் எம்-புக்ல (வேலையோட அளவைக் குறிக்கிற ஆபீஸ் புத்தகம்) அளவு எழுதும்போது ஊர்ல ரெண்டு பேர் கூட நிக்கணும். கமிஷன் அன்னைக்கே ஒழிஞ்சிடும்னு சொல்லலை, ஆனா ஓட்டை விடாம சுவர் கட்ட முடியாது.

எங்க ஹட்டில (படுகர் ஊர்ல) ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுறோம். கஷ்டப்படுறவன்கூட கொடுக்குறான், ஒருத்தரும் முணுமுணுக்கிறதில்ல, ஏன்னா ஹப்பா முடிஞ்சதும் ஊர் முன்னாடி அரிசிக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மீதி இவ்வளவுன்னு வாசிக்கிறாங்க, சந்தேகம் இருந்தா அங்கயே கேக்கலாம். அதே ஆளுதான் வீட்டு வரி கட்டச் சொன்னா எதுக்கு கட்டணும்னு கேக்குறான்.

லைன்வீட்டுப்_பொண்ணு:

ஹட்டி கணக்கு நல்லதுதான் அண்ணா, ஆனா ஹட்டி கூட்டத்துல எங்களுக்கு இடம் இல்லைங்கிறதையும் சேர்த்து சொல்லுங்க. நாங்க எஸ்டேட் லைன்ல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல) இருக்கோம், தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து வந்தவங்க. லைனுக்கு நடைபாதை கேட்டா அது எஸ்டேட் நிலம், ஊராட்சி காசு போட முடியாதுன்னு சொல்றாங்க, எஸ்டேட்ல கேட்டா ஊராட்சில கேளுங்கன்னு சொல்றாங்க. ஓட்டு மட்டும் ஊராட்சில இருக்கு.

இன்னொரு விஷயம், தேதி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் எங்களுக்கு சம்பளத்தோட லீவு, அதனால வர முடியுது. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் வேலை நாள். அன்னைக்கு சபைக்கு வந்தா அன்னைக்கு கூலி போச்சு. முக்கியமான காசு விஷயத்தை அந்த ரெண்டு நாள்ல வெச்சா கொழுந்து பறிக்கிறவ ஒருத்திகூட இருக்க மாட்டா, நீங்க என்ன முடிவு பண்ணாலும் அது எங்க முடிவு ஆகாது. அப்புறம் எப்பவும் அதே சமுதாயக் கூடத்துலயே வைக்காம ஒரு தடவை லைன் பக்கமும் வைக்கச் சொல்லுங்க. மத்தியானத்துக்கு மேல எங்களுக்கு பஸ் கிடையாது.

தாண்டிக்குடி_காப்பி:

பழனி மலைல இருந்து வணக்கம். இங்கயும் இதே பாடுதான், ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன், இது நிறைய பேருக்கு தெரியறதில்ல.

எங்க பக்கம் எதைக் கேட்டாலும் கடைசில வந்து நிக்கிறது வனத்துறைகிட்ட. ரோடு, பைப் லைன், கரண்ட் கம்பம் எல்லாம் ரிசர்வ் ஃபாரஸ்ட் தாண்டித்தான் வரணும். வெள்ளகவி ஊர் ஜனங்க காலங்காலமா காட்டுப் பாதைல நடந்துதான் மேல வந்து போனாங்க, உடம்பு சரியில்லாதவங்களை டோலி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. ஃபாரஸ்ட் நிலம், முடியாதுன்னு ஒரு வார்த்தைல சபைல பேச்சை முடிச்சுடுவாங்க. ஆனா 2006 வன உரிமைச் சட்டத்துல 3(2)-ன்னு ஒரு பிரிவு இருக்கு. பள்ளிக்கூடம், குடிதண்ணி, ரோடு மாதிரி அரசு செய்யுற வசதிக்கு, ஒரு வேலைக்கு ஒரு ஹெக்டேருக்குள்ள நிலமா இருந்து, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம இருந்தா, காட்டு நிலத்தைக் கொடுக்கலாம், அதுக்கு கிராம சபை பரிந்துரை கட்டாயம். இந்த இடத்துல சபையோட தீர்மானத்துக்கு சட்டத்துலயே மதிப்பு இருக்கு. அதனால அடுத்த தடவை முடியாதுன்னு சொன்னா எந்தப் பிரிவுல முடியாதுன்னு எழுத்துல கேளுங்க. நாங்க அப்படித்தான் ஒரு பைப் லைன் விஷயத்தை இன்னும் உயிரோட வெச்சிருக்கோம்.

நம்பிக்கை போறதுக்கு இந்த "முடியாது"தான் பெரிய காரணம்னு எனக்குத் தோணுது. எது ஏன் நடக்கலைன்னு ஒருத்தரும் வந்து சொல்லாததுதான் மனசை விட வைக்குது. காசு இல்லைன்னு சொன்னா ஜனங்க புரிஞ்சுக்குவாங்க, மலை ஜனங்களுக்கு இல்லாமையைப் பத்தி தெரியாதா என்ன.

ரிட்டயர்டு_குன்னூர்:

தாண்டிக்குடிக்காரர் சரியான இடத்தைத் தொட்டிருக்கார். நான் வேலைல இருந்த காலத்துல ஒரு சபைத் தீர்மானத்தைக்கூட அடுத்த சபைல எடுத்து, இது முடிஞ்சுது, இது யூனியன் ஆபீஸ்ல நிக்குது, இது எஸ்டிமேட் கூடிப்போனதால விட்டாச்சுன்னு வரிசையா வாசிச்சு நான் பார்த்ததில்ல. போன தீர்மானம் என்னாச்சுன்னு சொல்லிட்டுத்தான் புதுசை எழுதணும், இதுக்கு புது சட்டமோ காசோ தேவையில்ல, ஒரு மணி நேரம் போதும்.

போர்ட்டோ அலெக்ரே பத்தியும் ஒண்ணு. அங்க ஆரம்பிச்ச கட்சி 2004 தேர்தல்ல தோத்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நீர்த்துப்போய் 2017-ல நிறுத்தியே வெச்சுட்டாங்க. மேயர் மனசு வெச்சா நடக்கும்னு இருந்தா கடைசில இதுதான். பூனா மாநகராட்சில 2006-ல இருந்து வார்டு ஜனங்க ஃபாரம் எழுதிக் கொடுத்து அஞ்சு லட்சம் வரைக்கும் வேலை கேக்கலாம்னு வெச்சாங்க, அதுலயும் கவுன்சிலர்களே ஆள் வெச்சு ஃபாரம் நிரப்புறாங்கன்னு புகார் வந்துச்சு. அதனால தம்பி, மொத்தமா பட்ஜெட்டையே எங்ககிட்ட கொடுங்கன்னு கேக்காதீங்க. கட்டுப்பாடு இல்லாம வர்ற பங்கை மட்டும் கேளுங்க. நமக்கு நாமே திட்டத்தையும் பாருங்க, அதுல மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும், மக்கள் காசு உள்ள இருந்தா கணக்கு கேக்குறதை யாரும் தடுக்க முடியாது. ஆனா பணம் போட முடியாத பாடிக்கும் லைனுக்கும் அதைக் கட்டாயப்படுத்தக்கூடாது.

குன்னூர்_மழை:

சரி, இந்த அளவுக்கு சின்னதா கேட்டா நானும் வர்றேன். அந்தக் கணக்கு நமக்கு முன்னாடியே எப்படி தெரியும்னு மட்டும் சொல்லுங்க, சபை அன்னைக்கு போய் கேட்டா ஃபைல் யூனியன்ல இருக்குன்னு சொல்லுவாங்க.

கேத்தி_கேரட்:

இ-கிராம் ஸ்வராஜ் தளத்துல ஊராட்சி பேரைப் போட்டா வளர்ச்சித் திட்டமும் மத்திய மானியச் செலவும் தெரியும், யாரு வேணா பார்க்கலாம், லாகின் தேவையில்ல. அதைப் பிரிண்ட் எடுத்துட்டு சபைக்கு போங்க. அதுல இல்லாததுக்கு தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்க, 30 நாள்ல பதில் கொடுத்தாகணும், அதனால சபைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எழுதிடுங்க. எங்க பேரூராட்சி அந்தத் தளத்துல வராது, நான் வார்டுக்கு ஒதுக்குனது எவ்வளவுன்னு கேட்டு எழுதப் போறேன்.

கோத்தகிரிவாசி:

எல்லாருக்கும் நன்றிங்க. இதுவரைக்கும் பேசினதை வெச்சு ஒரு மனு எழுதியிருக்கேன், திருத்தம் இருந்தா சொல்லுங்க, அவங்கவங்க ஊராட்சி பேரைப் போட்டு தனி அலுவலருக்கு கொடுத்துடலாம்:

"ஐயா, வரும் அக்டோபர் 2 கிராம சபையில் கீழ்க்கண்டவற்றைப் பொருளாக வைக்க வேண்டுகிறோம். கடந்த நான்கு சபைகளின் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் தற்போது எந்த நிலையில் உள்ளது, நிறைவேறாதவை எந்தக் காரணத்தால் நிறைவேறவில்லை என்பதை முதலில் வாசிக்க வேண்டும். நடப்பு ஆண்டில் எந்தப் பணிக்கென்றும் ஒதுக்கப்படாத நிதி எவ்வளவு என்பதை சபைக்கு ஏழு நாள் முன்பே ஒவ்வொரு குக்கிராமத்திலும் பாடியிலும் எஸ்டேட் லைனிலும் எழுதி ஒட்ட வேண்டும். அந்த நிதியில் ஒரு பங்கை பழங்குடி, ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கென ஒதுக்கி, அவர்கள் இருப்பிடத்திலேயே கூட்டம் நடத்தி முடிவு கேட்க வேண்டும். தேர்வாகும் ஒவ்வொரு பணியின் மதிப்பீட்டையும் பணியிடத்தில் ஒட்டி, அளவெடுக்கும்போது ஊரார் இருவர் உடனிருக்க அனுமதிக்க வேண்டும்."

சபைக்கு குறைந்தபட்ச எண்ணிக்கை இருக்கு, மூவாயிரத்துக்கு மேல பத்தாயிரம் வரைக்கும் ஜனத்தொகை இருந்தா 200 பேர் வரணும். அது சேரலைன்னா இதை எதையும் எடுக்க முடியாது, அதனால ஆளுக்கு நாலு வீட்டையாவது கூட்டிட்டு வாங்க.

சேரம்பாடி_மலர்:

நல்லா இருக்குண்ணா. "முடிவு கேட்க வேண்டும்"னு இருக்கிற இடத்துல, "அந்த முடிவை சபைத் தீர்மானத்தில் அப்படியே பதிய வேண்டும்"னு ஒரு வரி சேருங்க, இல்லைன்னா கேட்டுட்டு மாத்திடுவாங்க. ஒட்டுற நோட்டீஸை படிக்கத் தெரியாதவங்களுக்கு எங்க குழுப் பொண்ணுங்க போய் வாசிச்சுக் காட்டுறோம், அதை நான் பார்த்துக்கிறேன். எங்க ஊராட்சிக்கு இந்தத் திங்கள்கிழமையே கொடுத்துட்டு ரசீது வாங்கி இங்க போடுறேன்.

லைன்வீட்டுப்_பொண்ணு:

ரசீதுல தேதியும் சீலும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க அக்கா. எங்க லைன்ல அக்டோபர் 2-க்கு முப்பது பேர் வர்றோம்னு சொல்லியிருக்காங்க, திரும்பிப் போக ஒரு ஜீப்புக்கு மட்டும் யாராவது ஏற்பாடு பண்ணுங்க.